பிறப்பெடை அறிவிப்பும் அதன் சமூகப் பயன்பாடும்: கோட்டக்குப்பத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

குழந்தை பிறந்த செய்தி நான்கு உறுப்புகளைக் கொண்டது: ஆணா பெண்ணா, சுகப்பிரசவமா ஆபரேஷனா, தாயும் சேயும் நலமா, எத்தனை கிலோ. முதல் மூன்றையும் ஏன் கேட்கிறார்கள் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நான்காவதுதான் ஆய்வுக்குரியது. அரிசியை, மீனை, பழைய பேப்பரை நிறுப்பவருக்கு அடுத்து விலை சொல்லும் வேலை இருக்கிறது. குழந்தையை விற்பாரும் இல்லை, வாங்குவாரும் இல்லை. ஆனாலும் அதன் எடை கிராம் சுத்தமாகத் துபாயில் இருக்கும் சின்ன மாமா வரைக்கும் போய்ச் சேர்கிறது. அவரும் "அப்படியா" என்று விடுவதில்லை. "நல்ல வெயிட்டு" என்று தீர்ப்புச் சொல்கிறார். தீர்ப்புச் சொல்ல அவருக்குள்ள தகுதி என்ன, அந்த எண்ணை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார் என்பவை இக்கட்டுரையின் ஆய்வுச் சிக்கல்கள்.

ஆய்வுக் களமும் மூலங்களும்

கோட்டக்குப்பம் விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் உள்ளது, 2021-ல் நகராட்சியானது. தெற்கே நடந்தால் புதுச்சேரி முத்தியால்பேட்டை. வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துப் போனால் மரக்காணத்து உப்பளங்கள். ஊர் தமிழ்நாட்டில் இருந்தாலும் இங்குள்ள பலருக்குப் பிரசவம் புதுச்சேரியில்தான்: ஜிப்மர், எல்லைப்பிள்ளைச்சாவடி அரசு மகளிர் மருத்துவமனை, வசதிக்கேற்பத் தனியார் நர்சிங் ஹோம். ஆகவே இங்கே பிறப்பெடை என்பது ஒரு மாநிலத்தில் நிறுக்கப்பட்டு இன்னொரு மாநிலத்தில் விவாதிக்கப்படும் பொருள்.

அளவையியலிலும் இது எல்லையூர். கிராமுக்கு 1795-லேயே சட்டம் போட்ட பிரான்ஸின் கொடி, 1954 வரை முத்தியால்பேட்டைப் பக்கம் பறந்தது. கோட்டக்குப்பம் பிரிட்டிஷ் சீமை. இங்கே பவுண்டும் வீசையும். இந்திய அரசு 1956-ல் எடை அளவுச் சட்டம் இயற்றி, 1958 முதல் படிப்படியாகக் கிலோவைக் கொண்டுவந்த பிறகுதான் இரு பக்கத்துக் குழந்தைகளையும் ஒப்பிட வழி பிறந்தது.

முதன்மை மூலம் வாட்ஸ்அப் செய்தி. அதன் வாய்பாடு இவ்வூர் முஸ்லிம் வீட்டில் ஏறத்தாழ இப்படி அமையும்: "அல்ஹம்துலில்லாஹ். பெண் குழந்தை. 2.950. தாயும் சேயும் நலம். துஆ செய்யவும்." பக்கத்துத் தெரு இந்து வீட்டில் முதல் சொல்லும் கடைசி வாக்கியமும் மாறும், நடுவில் உள்ளது மாறாது. சமயங்கள் வேறுபடும் இடத்தில் கிலோ வேறுபடுவதில்லை என்பது இவ்வாய்வின் முதல் கண்டுபிடிப்பு.

வரலாற்றுப் பின்புலம்

பிறந்த குழந்தைகளை ஒழுங்காக நிறுத்து முதன்முதல் எழுதிவைத்தவர் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரப் பேராசிரியர் ரோடெரர், ஆண்டு 1753. அதற்கு முன் பெரிய மருத்துவர்களே குத்துமதிப்பாக எழுதினார்கள்; மதிப்பு நிஜத்தைவிடத் தூக்கலாகவே இருந்தது. மிகைப்படுத்தும் உரிமை பாட்டிகளுக்கு மட்டும் உரியதன்று என்பது இதனால் பெறப்படும்.

நம்மிடம் தராசு இல்லாமல் இல்லை. பழைய சென்னை வீசை ஏறக்குறைய 1.4 கிலோ, நாற்பது பலம். 2.8 கிலோ குழந்தை என்றால் கணக்காக இரண்டு வீசை. ஆனாலும் "ரெண்டு வீசையில பேரன் பொறந்திருக்கான்" என்று எந்தப் பாட்டியும் தெருவில் சொல்லவில்லை. பிரசவம் வீட்டில் நடந்தது. தராசு மளிகைக் கடையில் கிடந்தது. புளியும் மிளகாயும் நிறுத்த தட்டில் பச்சைப்பிள்ளையைக் கிடத்த எந்த மருத்துவச்சி சம்மதிப்பாள்? ஆகவே பிறப்பெடை அறிவிப்பு தொன்மரபு அன்று. பிரசவம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கூடவே ஒட்டிக்கொண்டு வந்த பழக்கம்.

முதல் கருதுகோள்: பெயரில்லாக் காலம்

பிரசவ அறையில் நடப்பதைக் கவனிக்க. நர்ஸ் தராசுத் தட்டில் துணியை விரிக்கிறார். பொத்தானை அழுத்தித் துணியின் எடையைக் கழித்துச் சுழியத்துக்குக் கொண்டுவருகிறார். குழந்தையைக் கிடத்தியதும் அது கைகாலை உதறுகிறது. சிவப்பு எண்கள் 2.9, 3.1, 2.8 என்று குதிக்கின்றன. அழுகைக்கு நடுவே மூச்சு வாங்கும் அந்த ஒரு கணத்தில் எண் நிற்கிறது, நர்ஸ் உரக்கச் சொல்கிறார், இன்னொருவர் எழுதுகிறார். பிறகு கையில் கட்டும் பட்டையில் தாயின் பெயர், பாலினம், தேதி, நேரம், எடை. குழந்தைக்குச் சொந்தப் பெயர் இல்லை. இன்னாரின் குழந்தை, அவ்வளவே. முஸ்லிம் வீட்டில் பெயர் பெரும்பாலும் ஏழாம் நாள்; மற்ற வீடுகளில் அதற்கும் மேல் ஆகலாம். அதுவரை அந்தக் குழந்தைக்கே உரிய தகவல் என்று இருப்பது எடை ஒன்றுதான்.

கருதுகோள் கவர்ச்சியானது, ஆனால் போதாது. அடையாளம்தான் நோக்கம் என்றால் நீளத்தையும் சொல்லலாமே? பிரான்ஸில் பிறப்பு அறிவிப்பு அட்டையில் எடையோடு சென்டிமீட்டரும் சேர்ந்து வருவது வழக்கம். நம் ஊரில் நீளம் அறிவிக்கப்படுவதில்லை. தலைச் சுற்றளவு பற்றிப் பேச்சே இல்லை. எடைக்கு மட்டும் ஏன் இந்தத் தனி மரியாதை?

இரண்டாம் கருதுகோள்: நலச் சான்று

மருத்துவத்துக்கு எடை முக்கியம் என்பதில் ஐயமில்லை. எடை குறைந்த குழந்தை எது என்பதற்கு 2,500 கிராம் என்ற எல்லைக்கோட்டைப் பரப்பியவர் பின்லாந்துக் குழந்தை மருத்துவர் ஆர்வோ யுல்ப்பே. உலக சுகாதார நிறுவனம் முதலில் "2,500-ம் அதற்குக் கீழும்" என்றது. 1976-ல் "2,500-க்குக் கீழ்" என்று திருத்தியது. மிகச் சரியாக 2,500 கிராம் இருந்த குழந்தைகள் அனைவரும் ஒரு சொட்டுப் பால் குடிக்காமலே அன்று தேறிவிட்டார்கள். இந்தியாவில் எடை பதிவான பிறப்புகளில் சுமார் 18 விழுக்காடு இக்கோட்டுக்குக் கீழே என்கிறது ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு.

எடையின் நிழல் நெடுந்தூரம் விழும். இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷையரில் எதெல் மார்கரெட் பர்ன்சைட் என்ற அம்மையார் 1911 முதல் மருத்துவச்சிகளைக் கொண்டு பிறப்பெடையைப் பேரேட்டில் ஏற்றினார். பல பத்தாண்டுகள் கழித்து டேவிட் பார்க்கர் அதைப் புரட்டி, குறைந்த எடையில் பிறந்தவர்களுக்கு இதயநோய் கூடுதல் என்று கண்டார். மைசூரு ஹோல்ட்ஸ்வொர்த் மருத்துவமனையின் 1934 முதலான பதிவுகளும் அதையே சொல்லின. புனேயில் மருத்துவர் யாக்னிக் குழுவினர் இன்னொரு செய்தி சொன்னார்கள்: சராசரி 2.7 கிலோவில் பிறந்த அவ்வட்டாரக் குழந்தைகளுக்குத் தசை குறைவு, கொழுப்பு மட்டும் குறையவில்லை. அதாவது வெறும் எண் முழுக்கதையையும் சொல்லாது.

ஆனால் சின்ன மாமாவுக்கு பார்க்கரைத் தெரியாது. மேலும், அறிவிக்கப்பட்ட எடை நிலைப்பதும் இல்லை. உப்பளத்தில் வாரிக் குவித்த உப்பு ஈரம் வடிந்து எடை இறங்குவதுபோல, பச்சைக்குழந்தையும் முதல் சில நாட்களில் பத்தில் ஒரு பங்கு வரை எடை இறங்கிப் பிறகே ஏறும். 3 கிலோ என்று சொல்லி ஸ்வீட் பாக்ஸ் கொடுக்கும்போது உள்ளே தூங்கும் குழந்தை 2.8 ஆக இருக்கக்கூடும். நலச் சான்றுதான் நோக்கம் என்றால் திருத்தச் செய்தி ஒன்று அனுப்ப வேண்டும். அப்படி ஒன்று எந்தக் குடும்பக் குழுவிலும் வருவதில்லை.

இடையீடு: திருஷ்டி முரண்

இங்கே ஒரு முரணைத் தீர்த்தாக வேண்டும். குழந்தையைத் தூக்கி "நல்லா கனமா இருக்கானே" என்று சொல்லிவிட்டால் போதும். வந்தவர் வாசல் தாண்டுமுன் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடப்படும். முஸ்லிம் வீடுகளில் "மாஷா அல்லாஹ் சொல்லுங்க" என்று உடனே திருத்துவார்கள். கனம் என்ற சொல்லே கண்ணேறு. அப்படியிருக்க, அதே கனத்தை மூன்று தசமத் துல்லியத்தில் இருநூறு பேர் கொண்ட குழுவில் போடலாமா? போடலாம் என்றே வழக்கம் தீர்ப்பளித்திருக்கிறது. வாயால் சொன்னால் கண் படும். தராசு சொன்னால் படாது. எண்ணுக்குத் திருஷ்டி கிடையாது.

இவ்வூரின் இன்னொரு எடையையும் இங்கே கருதுக. ஏழாம் நாள் அகீகாவில் குழந்தையின் தலைமுடியை மழித்து, அம்முடியின் எடைக்கு வெள்ளியோ அதன் மதிப்போ தானம் செய்வது நபிவழி மரபு. உண்மையிலேயே எடைபோட்டுக் காசாக மாற்றப்படும் ஒரே பகுதி இதுதான். சில கிராம் தேறினால் அதிகம். இந்த எடையை யாரும் அறிவிப்பதில்லை. பயனுள்ள எடை மறைவாகவும், பயன் தெரியாத எடை பகிரங்கமாகவும் இருப்பது கவனத்துக்குரியது.

மூன்றாம் கருதுகோள்: சம்பந்திக் கணக்கு

முதல் பிரசவம் தாய்வீட்டுப் பொறுப்பு. இதில் இந்துவென்றும் முஸ்லிமென்றும் பேதமில்லை. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ சடங்கு முடிந்து பெண் புறப்படுகிறாள். மாமியார் வீடு நல்ல உடம்போடு அனுப்பிவைத்ததாகக் கருதுகிறது. தாய்வீடு பெண் இளைத்துப்போய் வந்ததாகக் கருதுகிறது. அதன்பிறகு பேரீச்சம்பழம், மாதுளை, முருங்கைக்கீரை, ஆட்டு ஈரல் என்று என்னென்னவோ உள்ளே போகிறது. போனதற்குச் சாட்சி யார்? பிறப்பெடைதான். 3.200 என்ற எண் தாய்வீடு சம்பந்தி வீட்டுக்குத் தரும் ரசீது.

இக்கருதுகோள் மற்றவை விளக்காததை எல்லாம் விளக்குகிறது. நீளம் ஏன் அறிவிக்கப்படுவதில்லை? நீளம் அப்பன் வழி வருவது, யாருடைய சாப்பாட்டுக்கும் சான்றாகாது என்பது குடும்பங்களின் துணிபு. தீர்ப்புச் சொல்ல மாமாவுக்கு என்ன தகுதி? அவர் தாய்மாமன், ரசீதை ஒப்புக்கொள்ள வைக்கும் கட்சிக்காரர். எடை குறைந்தால் பேச்சு எங்கே போகிறது? "அங்க ஒழுங்கா சாப்பாடு போட்டாங்களா?" என்று மாமியார் வீட்டில், "அனுப்பும்போதே ரத்தம் இல்லாமத்தானே அனுப்பினாங்க" என்று தாய்வீட்டில். மருத்துவர் மட்டும், முப்பத்தாறு வாரத்தில் பிறந்ததே காரணம் என்கிறார்; அவர் எந்தக் கட்சியும் இல்லாததால் அவர் பேச்சு எடுபடுவதில்லை.

முழுதாக்கல் விதியையும் இதுவே விளக்கும். 2.480 வாயில் "ரெண்டரை" ஆகிறது, 2.950 "மூணு" ஆகிறது, 3.020 மட்டும் "மூணு கிலோ இருபது கிராம்" என்று முழுசாக ஒலிக்கிறது. எண்கள் மேல்நோக்கி மட்டுமே உருளும். கணக்கெடுப்புகளில் பதிவாகும் பிறப்பெடைகள் 2,500-லும் 3,000-லும் குவிந்து கிடப்பதை மக்கள்தொகை அறிஞர்கள் அறிவர். அக்குவியலில் பாட்டிகளின் கைவண்ணம் எத்தனை கிராம் என்பதைத்தான் பிரித்தறிய வேண்டும். ஸ்கேனும் இதற்கு உதவுகிறது. 1985-ன் ஹாட்லாக் சூத்திரப்படி கணிக்கும் எடை பதினைந்து விழுக்காடு வரை முன்பின் ஆகலாம். "ஸ்கேன்ல 2.7னு சொன்னாங்க, பொறந்தது 3 கிலோ" என்றால் அந்த முந்நூறு கிராமும் கடைசி மாதம் ஊட்டியவர் கணக்கில் வரவு.

முடிவுகளும் பரிந்துரைகளும்

பெற்றோர் பிறப்பெடையை அறிவிப்பது குழந்தையைப் பற்றி உலகுக்குச் சொல்வதற்காக அன்று. கர்ப்பிணிக்கு யார் சோறு போட்டார்கள் என்ற வழக்கில் சாட்சியம் சமர்ப்பிப்பதற்காக. அரசும் இதை மறைமுகமாக ஏற்கிறது. பிறப்பைப் பதிவு செய்யும் படிவத்தில் எடையைக் கேட்டு வாங்குகிறது. தரும் பிறப்புச் சான்றிதழில் அதை அச்சிடுவதில்லை. குடும்பத் தகராறில் அரசு தலையிடாது.

இரண்டு பரிந்துரைகள். ஒன்று, எடையோடு தாயின் ஹீமோகுளோபின் அளவையும் அறிவிக்க வேண்டும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அது 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை என்பதால், வழக்கு ஒரே செய்தியில் தீர்ந்துவிடும். இரண்டு, மூன்றாம் நாள் எடையும் திருத்தச் செய்தியாக வர வேண்டும்.

மேலாய்வுக்கு ஒரு களம் எஞ்சுகிறது. பிரசவத்தன்று குழந்தை, நஞ்சுக்கொடி, பனிக்குடநீர் எல்லாம் சேர்ந்து வெளியேறத் தாய் சுமார் ஐந்து கிலோ இழக்கிறாள். அந்த எடையை எந்த நர்ஸும் உரக்கச் சொல்வதில்லை, எந்த மாமாவும் "நல்ல வெயிட்டு" என்று மெச்சுவதில்லை. அடுத்த கல்யாண வீட்டில் அதே உறவினர்கள் அவளைப் பார்த்ததும் "என்னம்மா, இப்படி குண்டாயிட்டே?" என்பார்கள். அதற்கு மட்டும் யாரும் தராசு கேட்பதில்லை.