லேப்டாப் மாமா

பொறியியல் கலந்தாய்வில் சீட்டு கிடைத்த மறுநாளே, ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு லேப்டாப் மாமா கிளம்பிவிடுவார். சொந்த மாமாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒன்றுவிட்ட சித்தப்பா, எதிர்வீட்டுக்காரர், அப்பாவோடு பேங்கில் வேலை பார்த்தவர், யாரும் இந்தப் பதவிக்கு வரலாம். எப்போதோ ஒரு கம்ப்யூட்டரைத் திறந்து தூசி தட்டியிருந்தால் போதும்.

"பட்ஜெட் எவ்வளவு?" என்றுதான் தொடங்குவார். ஐம்பதாயிரம் என்றால் எழுபதாயிரத்துக்கு ஒன்றைக் காட்டுவார். "இன்னும் இருபது போட்டா நாலு வருஷத்துக்குக் கவலையே இல்ல." அந்த இருபதை யார் போடுவது என்ற பேச்சுக்குள் மட்டும் போகமாட்டார்.

ஹாஸ்டலுக்குப் போகப்போகிற பெண் மெல்ல வாய் திறப்பாள். "சின்னதா, வெயிட் இல்லாம இருந்தா நல்லாருக்கும் மாமா."

"சின்னதா? அதெல்லாம் பொம்மைம்மா."

இந்த வெறுப்புக்கு ஒரு பழைய காயம் காரணம். 2007-இல் ஏசஸ் நிறுவனம் ஈ பிசி என்ற குட்டிக் கணினியைக் கொண்டுவந்தது. 7 அங்குலத் திரை, எடை ஒரு கிலோவுக்கும் குறைவு, சேமிப்பிடம் அதிகபட்சம் 8 ஜிபி. அதைப் பார்த்து ஆளாளுக்கு நெட்புக் என்ற பெயரில் அதே மாதிரி செய்தார்கள். மாமாவும் ஒன்று வாங்கினார். அது திறப்பதற்குள் காபி ஆறிப்போகும். இன்றைக்கு 14 அங்குலத் திரையும் 16 ஜிபி ராமும் எஸ்எஸ்டியும் ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்கிவிடுகின்றன என்றால் அவர் காதில் ஏறாது.

அவருடைய தேர்வு எப்போதும் கேமிங் லேப்டாப்தான். இரண்டே கால் கிலோ. சார்ஜர் தனியாக அரைக் கிலோ, செங்கல் மாதிரி. ரெக்கார்டு நோட்டு, தண்ணீர் பாட்டில், டிராஃப்டர் எல்லாவற்றோடும் அதைச் சுமந்து மூன்றாவது மாடி லேபுக்கு ஏறப்போவது மாமா இல்லையே! வகுப்பில் பிளக் பாயின்ட் இருப்பது பெரும்பாலும் ஆசிரியர் மேசைக்குப் பக்கத்தில். கடைசி பெஞ்சுக்காரருக்கு பேட்டரிதான் கதி. அதைப் பற்றி மாமா கேட்டதே கிடையாது.

"ஐ5 இருக்கா?" என்று மட்டும் மிரட்டலாகக் கேட்பார். அந்தப் பெயருக்குப் பின்னால் வாலாக ஓர் எழுத்து தொங்கும். 12ஆம் தலைமுறை இன்டெலில் அது யு என்றால் அடிப்படை மின்தேவை 15 வாட்டுக்கு மேல் போகாது, எச் என்றால் 45 வாட். பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதில் அந்த எழுத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மாமா தலையைப் பார்ப்பார், வாலைப் பார்க்கமாட்டார்.

எல்லாமே தப்பாகச் சொல்கிறவர் என்று தள்ளிவிடவும் முடியாது. மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ராமை போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள்; பிறகு கூட்ட வழியில்லை. "வாங்கும்போதே பதினாறு ஜிபி வாங்கிடு" என்பது அவர் வாயிலிருந்து வரும் பொன்வாக்கு. மெக்கானிக்கல் படிப்பவருக்கு மேக்புக் வேண்டாம் என்பதும் சரிதான். அவர்கள் வரையப் பயன்படுத்தும் சாலிட்வொர்க்ஸ் விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட மென்பொருள்.

ஆகவே மாமாவிடம் ராமைப் பற்றிக் கேளுங்கள், குறித்துக்கொள்ளுங்கள். எடையை அந்தப் பெண்ணே கடையில் கையில் தூக்கிப் பார்த்து முடிவு செய்யட்டும். "நானும் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு வர்றேன்" என்று மாமா அடம்பிடித்தால் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லுங்கள். அன்றைக்கு அந்தச் சென்னை எலக்ட்ரானிக்ஸ் சந்தையில் பெரும்பாலான கடைகளுக்கு விடுமுறை.