தாங்குமண்ணை

தாங்குமண்ணை என்போர் திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் ஒரு வகை மனிதர். சீனக்குடாப் பக்கத்து இறங்குதுறைகளிலும் கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலும் கூடுதலாகத் தென்படுவர். எவருடைய சம்பளப் பட்டியலிலும் மேற்பார்வையாளராக இவர் பெயர் இராது. ஆனாலும் உயரத்தில் ஒரு பாரமோ ஒரு மனிதனோ தொங்கப்போகிற நேரம் பார்த்து எங்கிருந்தோ வந்து சேர்வார். கயிற்றை ஒருமுறை இழுப்பார், கொக்கியை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவார், பிறகு தீர்ப்புச் சொல்வார்: “பயப்பிடாத தம்பி, இது தாங்கும்.”

இவருடைய இடுப்புப் பட்டியில் எப்போதும் இரண்டு மூன்று கரபினர்கள் தொங்கும். மலையேறுபவர்களும் உயரத்தில் வேலை செய்பவர்களும் கயிற்றைக் கொழுவப் பயன்படுத்தும் உலோக வளையம் அது; ஒரு பக்கம் முதுகு, மறுபக்கம் வில் வைத்த கதவு. அவற்றில் ஒன்று திறப்புக் கோர்க்க விற்கும் விளையாட்டுச் சாமான். ‘ஏறுவதற்கல்ல’ என்று அதன் மேலேயே ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். அண்ணை அதையும் மற்றவற்றோடு சமமாகவே நடத்துவார்.

நல்ல கரபினரின் முதுகில் மூன்று எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 24, 8, 9 என்று வைத்துக்கொள்ளலாம். அண்ணை மூன்றையும் கூட்டி, “நாப்பத்தொண்டு!” என்பார். உண்மையில் முதலாவது எண், கதவு மூடியிருக்க நெடுக்காக இழுபடும்போது தாங்கும் அளவு. அடுத்தது குறுக்காக இழுபடும்போது. மூன்றாவது கதவு திறந்திருக்கும்போது. மூன்றும் கிலோநியூற்றன் கணக்கு; ஒன்று ஏறத்தாழ நூறு கிலோ எடைக்குச் சமம். மலையேற்றக் கரபினருக்கான ஐரோப்பிய நியமம் நெடுக்கில் குறைந்தது 20 கேட்கிறது. குறுக்கில் 7 போதும் என்று விட்டுவிடுகிறது.

இந்தச் சரிவுக்குக் காரணம் கதவுதான். மூடிய கதவு, அது வந்து பொருந்தும் மூக்கு நுனியோடு கொழுவி நின்றால் வளையம் முழுதாகி, முதுகோடு கதவும் பாரத்தில் பங்கெடுக்கும். கதவு திறந்துவிட்டால் மிஞ்சுவது ஒரு தூண்டில்முள். பாரம் கூட அது நிமிரத் தொடங்கும். கதவு மூக்கில் சரியாக இறங்காமல் கயிற்று நாரில் சிக்கி நின்றாலும் இதே கதிதான். கயிறு தளர்ந்து இறுகும்போது வளையம் மெல்லப் புரண்டு, பாரம் கதவின்மேல் குறுக்காக ஏறிக்கொள்வதும் உண்டு. கீழேயிருந்து பார்க்கிறவருக்கு எல்லாம் ஒழுங்காகவே தெரியும். அண்ணை எப்போதும் கீழேயிருந்துதான் பார்ப்பார்.

சந்தேகப்படுகிறவர்களுக்காக ஒரு செய்முறை விளக்கமும் இவரிடம் உண்டு. கொக்கியில் தானே தொங்கிக் காட்டுவார். தொண்ணூறு கிலோ மனிதர் அசையாமல் தொங்கினால் விழும் பாரம் ஒரு கிலோநியூற்றனுக்கும் குறைவு. அதை விளையாட்டுச் சாமானே சில வேளை தாங்கிவிடும். அதே மனிதர் இழுபடாத வயரிலோ சங்கிலியிலோ ஒரு மீற்றர் விழுந்து திடீரென நின்றால், விசை பத்துக் கிலோநியூற்றனைத் தாண்டக்கூடும். கொக்கி பிழைத்தாலும் முள்ளந்தண்டு பிழைக்குமா என்பது வேறு கேள்வி. அதனால்தான் உயர வேலைக்கான இணைப்புப் பட்டிகளில் அதிர்ச்சியை 6 கிலோநியூற்றனுக்குள் அடக்கும் உறிஞ்சி ஒன்றைத் தைத்து வைக்கிறார்கள். அதை அண்ணை, “தேவையில்லாத வால்” என்று சுருட்டிக் கட்டிவிடுவார்.

பேச்சு முற்றினால் வெள்ளைக்காரன் காலத்துக்குப் போவார். அந்தக் காலத்து இரும்பு எதையும் தாங்கியதாம். அவர் நின்று பேசுகிற இதே துறைமுகத்தில்தான், 1944 ஓகஸ்ட் 8இல், வேலியண்ட் என்ற பிரித்தானியப் போர்க்கப்பலை ஏந்தி உயர்ந்துகொண்டிருந்த மிதக்கும் டொக் முதுகு முறிந்து மூழ்கியது. கப்பலின் எடை எங்கெங்கே இறங்குகிறது என்பதற்குப் பொருந்தாத ஒழுங்கில் டொக்கின் நீர்த்தாங்கிகளை வெறுமையாக்கியதால், இரு முனைகளிலும் மிதமிஞ்சிய அழுத்தம் ஏறிவிட்டது. வெடிபொருட்கள் நிறைய ஏற்றப்பட்டிருந்ததும் சேர்ந்துகொண்டது. கப்பல் உந்திகளும் சுக்கானும் சேதப்பட்டுத் தப்பியது. இந்தக் கதையை அண்ணையிடம் சொன்னால், “அது வேற விசயம்” என்பார்.

இவர் பக்கத்தில் வேலை செய்பவர் கவனிக்க வேண்டியவை அதிகமில்லை. கொழுவியபின் கதவிலுள்ள பூட்டு மரையைத் திருகிப் பூட்டி, கதவை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். திறந்தால் அது பூட்டப்படவில்லை. பூட்டும் திசை கீழ்நோக்கி இருந்தால் அதிர்வில் மரை எளிதில் கழலாது. ஓடும் கயிறு மரையில் உரசக்கூடாது, கதவு கப்பல் விளிம்பில் முட்டக்கூடாது. ஒரே வளையத்தை மூன்று திசையில் இழுக்கவே கூடாது.

உப்புக்காற்று தனிப் பகை. அலுமினியத்தில் வெள்ளைத் தூள் பூக்கும், கீல் இறுகும். நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து, கீலுக்கு மெல்லிய எண்ணெய் விட்டால் போதும். அண்ணை பூசிவிடும் கிறீஸில் மணல்தான் ஒட்டும். கதவு தானாகத் திரும்பி மூடாவிட்டாலோ, வெடிப்போ கயிறு அறுத்த ஆழமான பள்ளமோ தெரிந்தாலோ அந்தக் கரபினரை ஒதுக்கிவிட வேண்டும். ஒதுக்குவதையும் வாளால் இரண்டாக அறுத்தே எறிய வேண்டும். முழுசாகக் குப்பையில் போட்டால், மறுநாள் காலை கொட்பேயில் ஏதோ ஒரு வள்ளத்தின் இயந்திரத்தை அது தூக்கிக்கொண்டிருக்கும்.