மூணு நாள் போதுமா சார்?

நைரோபியில் குடியிருக்கும் தமிழனுக்கு மே மாதம் பிறந்தால் போன் அடிக்கத் தொடங்கிவிடும். ஊரில் ஏதோ ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலைக்காரர் மூலமாக நம் நம்பர் ஒருவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். முதலில் நலம் விசாரிப்பார். அங்கே மழையா வெயிலா என்பார். தயிர் கிடைக்குமா என்பார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்துக்கு வருவார்: "மசாய் மாராவுக்கு மூணு நாள் போதுமா சார்?"

போதும் என்று சொல்லிப் பாருங்கள். "அவ்வளவு தூரம் வந்துட்டு மூணே நாள்ல திரும்பறதா?" என்று வருத்தப்படுவார். சரி, ஐந்து நாள் இருங்கள் என்றால், "அஞ்சு நாளும் சிங்கத்தையே பார்த்துக்கிட்டு இருக்க முடியுமா?" நடுவாக நாலு என்றால்தான் நிஜமான சந்தேகமே வரும். டிராவல்ஸ்காரனிடம் நமக்கு ஏதோ கமிஷன் இருக்கிறது என்று முடிவு கட்டி, இன்னொருவர் நம்பர் வாங்கிக்கொண்டு போனை வைப்பார்.

இவர்தான் நாள்கணக்கர். பெரும்பாலும் வங்கியிலோ தணிக்கைத் துறையிலோ இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் பத்து நாள் லீவை வைத்துக்கொண்டு தவிக்கும் ஐ.டி. இளைஞர்களிலும் முற்றிய நாள்கணக்கர்களைப் பார்த்திருக்கிறேன். வயதை வைத்து இவர்களைக் கண்டுபிடிக்க முடியாது. கையில் எக்செல் தாள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அந்தத் தாளில் இடது பக்கம் மிருகங்கள், மேலே தேதிகள். சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், ஆப்பிரிக்க எருமை என்ற 'பிக் ஃபைவ்' மட்டும் தடித்த எழுத்தில். ஐந்தை மூன்றால் வகுத்தால் நாளொன்றுக்கு 1.67 மிருகம். "யானையை முதுமலையிலேயே பார்த்தாச்சு சார், அதைக் கழிச்சுக்கலாமா?" என்று என்னிடம் கேட்டவர் உண்டு. அந்தப் பட்டியலைப் போட்டவர்கள் பழைய வேட்டைக்காரர்கள். நடந்துபோய்ச் சுடுவதற்கு எந்த ஐந்து மிருகங்கள் உயிருக்கு அதிக ஆபத்து என்று அவர்கள் பார்த்த கணக்கு அது. வாழ்நாளில் கொசு பேட்டைத் தவிர ஆயுதம் எதையும் தொடாத நம்மவர் அதை அரசாங்க கெஜட்போல நம்புகிறார். ஒட்டகச்சிவிங்கி அதில் இல்லை என்பதால், அதற்காக வண்டியை நிறுத்துவது அவருக்கு நேர விரயம்.

நாள் என்பது இருபத்துநாலு மணி நேரம் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர், மாராவின் கட்டண விதியைப் படிக்கும்போதுதான் முதல் அடியை வாங்குகிறார். 2024 முதல் அங்கே வெளிநாட்டுக்காரருக்கு ஜூலையிலிருந்து டிசம்பர் வரை தலைக்கு 200 டாலர், ஜனவரியிலிருந்து ஜூன் வரை 100. அந்தச் சீட்டு காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரைதான் செல்லும். கிளம்புகிற நாளில் காலை பத்து மணிக்குள் காப்பகத்தை விட்டு வெளியேறாவிட்டால் இன்னொரு நாள் கட்டணம். இதைப் படித்த இரவு நாள்கணக்கர் தூங்குவதில்லை. விடிவதற்குள் தாளில் ஒரு புதுப் பத்தி முளைத்திருக்கும்: 'பத்து மணி அபாயம்'.

இரண்டாவது அடி சாலை. நைரோபியிலிருந்து பிளவுப் பள்ளத்தாக்கில் இறங்கி, நரோக் ஊரில் டீ குடித்து, செக்கெனானி வாசலை எட்ட ஐந்தாறு மணி நேரம் ஆகும். போகிற நாளில் பாதி அவுட். திரும்புகிற நாளில் முக்கால் அவுட். 'மூன்று இரவு, நான்கு பகல்' என்று விளம்பரத்தில் இருப்பதில் முழுசாகக் காட்டில் கழிவது இரண்டே பகல்தான். அந்தப் பகலிலும் காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று, மொத்தம் ஆறேழு மணி நேரம். நடுப்பகலில் சிங்கம் தூங்கும், டிரைவர் தூங்குவார், கூடாரத்தின் சமையல்காரர்கூடக் கண் அயர்வார். ஆள் அரவமற்ற சாப்பாட்டுக் கூடத்தில் நாள்கணக்கர் மட்டும் பேனாவோடு உட்கார்ந்திருப்பார். "ஒரு மணி நேரத்துக்கு என்ன விலை விழுதுன்னு பார்த்தேன். பார்த்திருக்கவே கூடாது."

விமானத்தில் போனால் வில்சன் விமான நிலையத்திலிருந்து முக்கால் மணி நேரம்தான். அதையும் ஆராய்ந்தார் ஒரு நாள்கணக்கர். சின்ன விமானத்தில் ஒருவருக்குப் பதினைந்து கிலோ, அதுவும் மடங்குகிற துணிப் பையில்தான் என்றதும், முறுக்கா அரை நாளா என்ற கேள்வி எழுந்தது. முறுக்கு ஜெயித்தது. அந்த முறுக்கைக் கட்டிவைத்திருந்த பிளாஸ்டிக் பைகளைக் கென்யா 2017-லேயே தடை செய்துவிட்டது என்று நான் சொன்னபோது, மறுமுனையில் அவருடைய மனைவி, "நான் அப்பவே துணியில முடியச் சொன்னேன்" என்றது கேட்டது.

எண்ணுவதற்கு என்று அவருக்கு இன்னொரு பத்து நாளும் கிடைத்தது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். அது இல்லாமல் கென்யாவிலிருந்து இந்தியா திரும்பினால் தனிமையில் உட்கார வைப்பார்கள். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்ததும் எனக்குத்தான் முதல் போன். "இன்னிக்கு முதல் நாளா சார், நாளைக்கு முதல் நாளா?"

ஒரு தடவை பேச்சுவாக்கில் தியோடர் ரூஸ்வெல்ட் கதையைச் சொன்னேன். 1909 மார்ச்சில் அமெரிக்க ஜனாதிபதி பதவியிலிருந்து இறங்கினார், ஏப்ரலில் மொம்பாசாவில் இறங்கினார். அங்கிருந்து வேட்டையாடிக்கொண்டே போய், அடுத்த மார்ச்சில்தான் கார்ட்டூமில் பயணத்தை முடித்தார். 11,000-க்கு மேற்பட்ட மாதிரிகள் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போயின. எழுத்தாளர் எமிங்வேயோ 1933 கடைசியில் வந்து, சீதபேதி கண்டு, நடுவில் விமானத்தில் தூக்கிக்கொண்டு போகப்பட்டவர். நாள்கணக்கர் இரண்டையும் உன்னிப்பாகக் கேட்டார். ரூஸ்வெல்ட்டைப் பற்றி ஒரே கேள்வி: "ரிட்டயர் ஆன மறு மாசமே கிளம்பிட்டாரா? பென்ஷன் பேப்பர் எல்லாம் யார் பார்த்தா?" எமிங்வே விஷயத்தில் அவர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். ஓமத் திரவம் என்று பிறகு தெரிந்தது.

ஒருவழியாக நாலு ராத்திரி என்று முடிவாகி, ஆகஸ்டில் வந்து சேர்ந்தார். ஆப்பிரிக்கா என்றால் கொதிக்கும் என்று பருத்திச் சட்டைகளாக அடுக்கிக்கொண்டு வந்திருந்தார். மாரா கடல் மட்டத்திலிருந்து ஐயாயிரம் அடிக்கு மேல். ஆகஸ்ட் விடியற்காலையில் பல் கிட்டும். முதல் இரவு போர்வைக்குள் காலை நீட்டியவர், ஏதோ மெத்தென்று வெதுவெதுப்பாகத் தட்டுப்பட, கூடாரமே அதிர அலறினார். காவலுக்கு இருந்த மசாய் இளைஞர் ஈட்டியோடு ஓடி வந்தார். படுக்கை சூடாக இருக்கட்டுமே என்று வேலையாள் வைத்துவிட்டுப் போன வெந்நீர்ப் பை அது. "முதல்லயே சொல்லியிருக்கலாமே, அரை மணி நேரத் தூக்கம் போச்சு" என்றார் நாள்கணக்கர்.

காலையில் லேண்ட் குரூசரின் கூரையைத் தூக்கிவிட்டுக் கிளம்பினார்கள். ஒரு புதரடியில் சிங்கங்கள். பெண் சிங்கம் ஒன்று மல்லாந்து, நாலு காலையும் பரப்பிக்கொண்டு கிடந்தது. வயிறு உப்பியிருந்தது. மூக்கின் மேல் ஈ உட்கார்ந்தால் மீசை மட்டும் துடிக்கும். குட்டி ஒன்று தாயின் வால் நுனியிலிருக்கும் கறுப்புக் குஞ்சத்தைக் கடிக்கும், வால் விலகும், குட்டி உருளும், மறுபடி கடிக்கும். நாள்கணக்கர் படம் எடுத்தார், டிக் அடித்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "எப்ப எழுந்திருக்கும்?" சாயங்காலமாக இருக்கலாம் என்றார் வழிகாட்டி, ஒரு நாளில் இருபது மணி நேரம்கூடப் படுத்தே இருக்கும் என்றார். "அப்போ போலாமா?" அவருடைய மனைவி அந்தக் குட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஏங்க, நீங்களும் ஞாயித்துக்கிழமை அப்படித்தானே? அதுவா உங்களை அவசரப்படுத்துது?"

இங்கேதான் யாரும் எதிர்பார்க்காதது நடந்தது. நாள்கணக்கர்களின் வழக்கமான புலம்பல், நாள் போதவில்லை, சிறுத்தை வரவில்லை என்பதாக இருக்கும். இவருக்கோ முதல் நாள் மாலையே, தாலெக் ஆற்றோரத்து மரத்தில், தொங்கும் ஒரு காலும் வாலுமாகச் சிறுத்தை கிடைத்துவிட்டது. யானையும் எருமையும் தாங்களாகவே வழியில் நின்றன. மறுநாள் முற்பகலில், வெகு தொலைவில், சாம்பல் நிறத்தில் ஒன்று. கல் என்றார் இவர். காண்டாமிருகம் என்றார் வழிகாட்டி. கால் மணி நேர வழக்குக்குப் பிறகு கல்லின் காது ஆடியது. மணி பதினொன்று. பிக் ஃபைவ் முடிந்தது. கையில் இன்னும் இரண்டரை நாள் மிச்சம்.

லாபக் கணக்கு இவ்வளவு சீக்கிரம் வந்தால் எந்த ஆடிட்டருக்கும் கலக்கம்தான். மத்தியானம் முகாம் மேலாளரிடம் போய், வேலை முடிந்துவிட்டபடியால் கடைசி இரண்டு ராத்திரியைக் கழித்துப் பணம் தர முடியுமா என்று விசாரித்தார். மேலாளர் அவரை உட்கார வைத்து, இஞ்சி டீ கொடுத்து, வேறு பேசினார்.

சாயங்காலம் வழிகாட்டி அவரை மாரா ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனார். எதிர்க்கரையில் ஆயிரக்கணக்கில் வில்டபீஸ்ட். செரெங்கெட்டியிலிருந்து மழையும் புல்லும் தேடிச் சுற்றிவருகிற பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கூட்டத்தில் ஒரு துணுக்கு. முன்னால் நின்றது தண்ணீருக்கு ஓரடி முன்பு வரை வந்தது. முகர்ந்தது. பின்னாலிருந்தவை நெருக்கின. முதலை ஒன்று தண்ணீரில் கட்டைபோலக் கிடந்தது. முன்னால் நின்றது திரும்பிவிட்டது. அது திரும்பியதும் எல்லாமே திரும்பின. ஐம்பது கஜம் தள்ளிப் போய், யோசித்து, மறுபடி வந்தன. இப்படியே ஒரு மணி நேரம். நாள்கணக்கர் முதல்முறையாகக் கடிகாரத்தைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். போகலாமா வேண்டாமா, இப்போதா அப்புறமா, இந்தத் துறையா அந்தத் துறையா என்ற தவிப்பு அவருக்கு நன்றாகப் புரிந்தது. "பாவம், யாராவது ஒருத்தர் முடிவு பண்ணிச் சொன்னா தேவலை" என்றார். கூட்டம் அன்றைக்குக் கடக்கவில்லை. அவர் குறை சொல்லவும் இல்லை.

எல்லாப் புகழும் அந்த வழிகாட்டிக்கு. மனிதர்களை மிருகங்களைவிட நன்றாக அறிந்தவர். திரும்பும் வழியில், "அசிங்க ஐந்து என்று ஒன்று இருக்கிறது தெரியுமா?" என்று ஆரம்பித்தாராம். கழுதைப்புலி, வார்ட்ஹாக் பன்றி, பிணந்தின்னிக் கழுகு, வில்டபீஸ்ட், மாராபு நாரை. அதுவும் முடிந்தால் குட்டி ஐந்து: பெரிய மிருகங்களின் ஆங்கிலப் பெயரை ஒட்டவைத்துக்கொண்டு திரியும் பூச்சி, வண்டு, ஆமை, குருவி, மூஞ்சூறு. இரவோடு இரவாகத் தாளில் பத்து வரிசை கூடியது. மறுநாள் மூவரும் தரையில் குனிந்து, மணலில் புனல்போலக் குழி பறித்து எறும்புக்குக் காத்திருக்கும் பூச்சியைத் தேடியிருக்கிறார்கள். "இதுக்கா இருநூறு டாலர்? எங்க பாட்டி வீட்டுத் தாழ்வாரத்துல ஊதி ஊதிப் பிடிப்போமே!" என்றாராம் மனைவி. நாள்கணக்கர் காதில் விழவில்லை. டிக் அடித்துக்கொண்டிருந்தார். கடைசிக் காலையில் யானை மூஞ்சூறு கிடைக்காமலே மணி ஒன்பதே முக்கால் ஆகிவிட்டது. பத்து மணி அபாயம்.

கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் கணக்கு இதுதான்: மாரா மட்டும் என்றால் நாலு ராத்திரி. தான்சானியா பக்கம் செரெங்கெட்டியும் கொரங்கோரோவும் சேர்ந்தால் ஒரு வாரத்துக்குக் குறையாமல். ஐந்து நாளில் மாரா, நகுரு, அம்போசெலி மூன்றும் என்று எவராவது சொன்னால், நீங்கள் பார்க்கப்போவது கென்ய நெடுஞ்சாலைத் துறையின் வேலையைத்தான். இதை யாரும் கேட்டதில்லை. கேட்டுவிட்டால் அவர் நாள்கணக்கர் இல்லை.

நம்மவர் ஊர் திரும்பிய பிறகு போன் செய்தார். திருப்திதான், ஆனால் ஒரு நாள் குறைந்துவிட்டது என்றார். எந்த நாள் என்று சொல்லவில்லை. அடுத்த வருஷம் ருவாண்டா கொரில்லா. அனுமதிச் சீட்டு தலைக்கு 1,500 டாலர், கொரில்லாக்களோடு சரியாக ஒரு மணி நேரம்.

"நிமிஷத்துக்கு இருபத்தஞ்சு டாலர் சார்" என்றார். குரலில் பதற்றமில்லை, இவ்வளவு துல்லியமான ஏற்பாட்டை மனிதர் இதுவரை சந்தித்ததில்லை. "ஒரே ஒரு சந்தேகம். அந்த ஒரு மணி நேரம், காட்டுக்குள்ள நுழைஞ்சதிலேர்ந்து கணக்கா, கொரில்லாவைப் பார்த்ததிலேர்ந்து கணக்கா?"

"பார்த்ததிலேர்ந்து" என்றேன்.

"யார் கடிகாரப்படி?"