உள்ளானும் நானும் ஒரு டெலி லென்ஸும்

நந்தனம் அடுக்ககவாசிக்குப் பறவை என்றால் வடாம் காயப்போட்டால் வரும் காக்கையும், ஏசி பெட்டிமேல் குடும்பம் நடத்தும் புறாவும்தான். நானும் அதோடு நின்றிருந்தால் எங்கள் வீட்டில் இந்நேரம் புது ஃபிரிட்ஜ் வந்திருக்கும். அதற்கென்று எடுத்து வைத்த பணம் 600 மில்லிமீட்டர் டெலி லென்ஸாக மாறியதற்கு நான் சொன்ன காரணம், "காலையில நடந்த மாதிரியும் இருக்கும்" என்பது. நடக்கத்தான் செய்கிறேன், தோளில் மூன்று கிலோவைத் தூக்கிக்கொண்டு.

பெரிய கைகள் எல்லாம் பூநாரை தேடிப் பழவேற்காட்டுக்குப் போவார்கள். எனக்கு வீட்டில் கிடைத்த அனுமதி ஒன்பது மணி வரைக்கும், அதுவும் வரும்போது முருங்கைக்கீரை வாங்கிவர வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஆகவே கோட்டூர்புரம் பாலம் ஏறி, பெசன்ட் நகர் வழியாக உடைந்த பாலம். 1977 வெள்ளத்தில் ஒடிந்து, பிறகு யாரும் ஒட்டவைக்காமல் விட்ட பாலம் அது. அடையாறு கடலில் கலக்கிற இடம் பக்கத்திலேயே இருக்கிறது.

பங்குனி மாதம் நமக்கு ஏசி சர்வீஸுக்கு ஆள் தேடும் காலம். உள்ளான்களுக்கு ஊர் திரும்பும் காலம். மழைக்கு முன்னால் சைபீரியாவின் வடகோடியிலிருந்து வந்து, நம் சேற்றில் புழு பொறுக்கித் தின்று கொழுத்து, இப்போது கிளம்பப் பார்க்கின்றன. அதில் மூக்கு வளைந்த ஒரு வகைக்கு எடை சுமார் அறுபது கிராம். அது ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு வெறுங்கையோடு போகிறது. நான் பெசன்ட் நகர் போவதற்கு முக்காலி, முழங்கால் பட்டை, தொப்பி, ஃபிளாஸ்க், இட்லிப் பொட்டலம்.

பறவையின் கண் மட்டத்தில் எடுத்தால்தான் அது படம் என்பது இந்தத் தொழிலின் வேதவாக்கு. உள்ளானின் கண் மட்டம் தரையிலிருந்து ஒரு சாண்கூட இல்லை. சேற்றில் குப்புறப் படுத்தேன். படுத்த மறுகணமே ஆள்காட்டிக் குருவி ஒன்று தலைக்குமேல் வட்டமடித்துக் கத்தி ஊரைக் கூட்டியது. உள்ளான்கள் பறந்தன. ஊரூர்க் குப்பத்துக்காரர் ஒருவர்தான் வந்தார்.

"இன்னா சார், சாவி எதுனா வுழுந்துடுச்சா?"

"இல்லப்பா, குருவிய ஃபோட்டோ எடுக்கறேன்."

"அதுக்கு ஏன் சார் சேத்துல பொரள்ற? தண்ணி ஏறட்டும். அதுங்களே இந்தத் திட்டுக்கு வந்து குந்தும்."

சொன்னபடியே வந்து குந்தின. எழுந்து திட்டுப் பக்கம் திரும்புவதற்குத்தான் எனக்கு அந்தக் குப்பத்துக்காரரின் கை தேவைப்பட்டது.

கனமான கேமராவை இழிவாகப் பேசக் கூடாது. மயிலாப்பூரில் வாழ்ந்த மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், பல கேமராக்களின் பாகங்களைத் தாமே கோத்துச் செய்த ஒரு பளுவான பெட்டிக்கு 'சூப்பர் பாண்டெரோசா' என்று பெயரே வைத்திருந்தார். அதைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய்க் கறுப்பு வெள்ளையில் யானையைப் படமெடுத்தவர். 1950 முதல் 1996-இல் இறக்கும் வரை ஸ்டேட்ஸ்மன் ஏட்டில் இயற்கையைப் பற்றி எழுதிவந்தார். அவர் முதலில் பார்த்தார், பிறகு எடுத்தார். நான் எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து பார்க்கிறவன். தோள்வலி ஒன்றுதான் எங்களுக்குள் பொது.

வீட்டில் லேப்டாப்பில் படங்களை ஓடவிட்டேன். நூற்றுக்கணக்கில் இருந்தன. ஒன்றில் வால், ஒன்றில் வானம், ஒன்றில் மிதந்துவந்த பால் கவர். பளிச்சென்று விழுந்தது காக்கை மட்டும்.

"இது நம்ம பால்கனிக்கே வருமே" என்றாள் மனைவி. பிறகு மங்கலான ஒரு கூட்டத்தைக் காட்டி, "இதுல சிலது செங்கல் நிறமா இருக்கு, சிலது சாம்பலாவே இருக்கே, ஏங்க?" என்றாள்.

விரலைச் சொடுக்கிச் சொடுக்கி எடுத்தவன் கண்ணில் அது படவே இல்லை. புத்தகத்தைப் புரட்டினேன். பெரியவை இனப்பெருக்கத்துக்காக அடிவயிற்றில் செம்மை ஏற்றிக்கொண்டு புறப்படுகின்றன. போன கோடையில் பிறந்தவற்றில் பல நிறம் மாறாமல், இந்த வருஷம் பயணமும் வேண்டாம் என்று இங்கேயே தங்கிவிடும்.

"படிச்சு முடிச்சுட்டு வீட்டோட உக்காந்திருக்கற பிள்ளைங்க மாதிரி" என்று சொல்லிவிட்டு உள் அறைப் பக்கம் பார்த்தாள். அங்கே எங்கள் வாரிசு பத்து மணிக்கும் தூங்கிக்கொண்டிருந்தான்.

கீரையை மறந்திருந்தேன் என்பது அப்போதுதான் வெளிவந்தது.

வாசகர்களே, சித்திரை நடு வருவதற்குள் ஒருமுறை உடைந்த பாலம் பக்கம் போய்வாருங்கள். அப்புறம் செங்கல் நிறத்தார் அநேகமாகக் கிளம்பியிருப்பார்கள். சுமாரான ஒரு பைனாகுலர் போதும். இல்லை, லென்ஸ்தான் வேண்டும் என்பவர்களுக்கு என்னிடம் ஒன்று, அதிகம் உழைக்காதது, இருக்கிறது. விலையை மட்டும் என் மனைவியிடம் பேசிக்கொள்ளுங்கள்; ஃபிரிட்ஜ் என்ன விலை என்று அவளுக்குத்தான் தெரியும்.