கரும்பலகையில் எழுதிய பாட்டு

கோயில் மணி என்று நாங்கள் சொன்னது பழைய தண்டவாளத்தில் ஒரு முழ நீளத்துக்கு அறுத்தெடுத்த துண்டு. மாமரக் கிளையில் கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். இரும்பு போல்ட்டால் மூன்று முறை ஓங்கித் தட்டினால் நாலு தெருவுக்குக் கேட்கும். சாம்பியாவில், செம்புச் சுரங்கங்கள் சூழ்ந்த கிட்வே ஊரில், 1979-ல் கணக்கு வாத்தியாராகப் போய் இறங்கிய எனக்கு முதலில் பழகியது அந்தச் சத்தம்தான். நாகர்கோவிலில் நான் படித்த பள்ளிக்கூடத்திலும் தண்டவாளத் துண்டைத்தான் தட்டுவார்கள் என்பதால், கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஊரில் இருப்பதுபோல இருக்கும். வீட்டு நினைவு வந்து தொண்டை அடைத்த சாயங்காலங்களில் அப்படிக் கேட்டிருக்கிறேன். பிழைப்புக்காக ஊரை விட்டுப் போன உங்களுக்கும் இப்படி ஏதாவது ஒரு சத்தம் இருந்திருக்கும்.

சனிக்கிழமை அந்த மணி அடித்தால் பாட்டுப் பயிற்சி. சபைப் பாடகர் குழுவை நடத்தியவர் சுரங்கத்தில் எலக்ட்ரீஷியன். ஷிஃப்ட் முடிந்து, முகம் கழுவிய ஈரம் காயாமல் வந்து, சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் எழுதத் தொடங்குவார். நான்கு வரிகள்; ஒவ்வொன்றிலும் டோ, ரே, மீ என்பதற்கான எழுத்துகள், தாளத்துக்குச் செங்குத்துக் கோடு, இடையிடையே இரட்டைப் புள்ளி. கடைசி பெஞ்சில் வேடிக்கை பார்க்க உட்கார்ந்திருந்த நான் எழுந்தே விட்டேன். ‘முலிஷானி’ என்று நலம் கேட்பதற்கு மேல் எனக்குப் பெம்பா மொழி தெரியாது. ஆனால் அந்தப் பலகையில் இருந்த அத்தனையும் வாசிக்கத் தெரிந்தது. எங்கள் ஊர்ச் சபையில் தாத்தா இதே சோல்ஃபாவைத்தான் பிரம்பால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுச் சொல்லிக்கொடுத்தார். நான் மெல்ல பேஸ் வரியைப் பாடினேன். எலக்ட்ரீஷியன் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை, கையைப் பிடித்துக் கூட்டிப்போய் பேஸ் பாடுகிறவர்களுக்கு நடுவில் நிறுத்தினார். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் அந்த இடத்தில்தான் நின்றேன்.

பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. 1806-ல் எங்கள் ஊர்ப் பக்கத்து மயிலாடிக்கு வந்து சேர்ந்த மிஷனரி ரிங்கல்தௌபே ஐயரை அனுப்பிய அதே லண்டன் மிஷன், தங்கனிக்கா ஏரிக்குத் தெற்கே இருந்த ஊர்களுக்கும் பின்னாளில் ஆள் அனுப்பியிருந்தது. எங்கள் பக்கத்தில் 1947-ல் பல மிஷன்கள் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை ஆனதுபோல, அங்கே 1965-ல், அதே கிட்வேயின் மிண்டோலோவில் கூடி, ஸ்காட்லாந்து சபை, மெதடிஸ்ட், பாரிஸ் மிஷன், லண்டன் மிஷன் வழிவந்தவர்கள் சேர்ந்து சாம்பியா ஐக்கிய திருச்சபை ஆனார்கள். ஒன்றாகிப் பதினான்கு வருஷம் ஆன பிறகும் பெரியவர்கள் பேச்சில் பழைய வீட்டுப் பெயர் போகவில்லை. ‘அவர் மெதடிஸ்ட் வீடு, இவர் லண்டன் மிஷன் வீடு’ என்றுதான் அடையாளம் சொல்வார்கள். மரியாதை விஷயத்திலும் அவர்கள் நமக்கு நெருக்கம். நாம் ஒருவரையே ‘அவர்கள்’ என்பதுபோல, பெம்பாவில் பலரைக் குறிக்கிற ‘பா’வை ஒருவர் பெயருக்கு முன்னால் சேர்த்தால் அது மரியாதை. பையன்கள் என்னை ‘பா டீச்சா’ என்றார்கள்.

காணிக்கை எடுக்கும் நேரத்தை நினைத்தால் இன்றும் கால் தானாகத் தாளம் போடுகிறது. காணிக்கைப் பை நம்மிடம் வராது. நாம்தான் எழுந்து, வரிசையில், ஆடிக்கொண்டே முன்னால் போக வேண்டும். மாதக் கடைசியில் கையில் குவாச்சா நோட்டு இல்லாதவர்கள் எனாமல் பேசினில் மக்காச்சோள மாவு கொண்டுவருவார்கள், கால் கட்டிய கோழி கொண்டுவருவார்கள், நிலக்கடலை கொண்டுவருவார்கள். மழைக்காலத்து ஞாயிறு ஒன்றில், எனக்கு முன்னால் போன கிழவி தலையிலிருந்து பேசினை இறக்கி வைத்தார். மேலே மூடியிருந்த துணியை நீக்கிவிட்டு, மாவின்மேல் பட்டிருந்த மழைத்துளி ஈரத்தை விரல் நுனியால் வழித்து எடுத்தார், கொடுப்பது நனைந்துபோய்விடக் கூடாது என்று. உலை வைக்குமுன் கைப்பிடி அரிசியைக் காணிக்கைக் கலயத்தில் போடுகிற அம்மாவின் விரல்கள் எனக்கு அப்போது நினைவு வந்தன. இருபத்தெட்டு வயது எனக்கு. கற்றுக்கொடுக்க வந்திருக்கிறோம் என்ற எண்ணத்தோடு விமானம் ஏறியவன் அன்றைக்கு ஒரு குவாச்சா நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

அந்தச் சபைகளிடம் பணம் கிடையாது. ஆனால் சொல்லுக்குப் பலம் இருந்தது. அப்போதைய அதிபர் கென்னத் கவுண்டாவே லுப்வா மிஷனில் ஊழியம் செய்தவரின் மகன். மேடைதோறும் வெள்ளைக் கைக்குட்டையை அசைத்துக்கொண்டு வேத வசனம் சொன்னவர். அப்படிப்பட்டவரின் அரசாங்கம் பள்ளிகளில் ‘விஞ்ஞான சோஷலிசம்’ கற்பிக்க முனைந்தபோது, நான் போய்ச் சேர்ந்த அந்த 1979-லேயே, கத்தோலிக்க ஆயர்களும் மற்றச் சபைகளின் கூட்டமைப்புகளும் சேர்ந்து மறுத்து ஒரு கடிதம் எழுதினார்கள். ஒரே கட்சி மட்டும் இருந்த நாடு அது. எங்கள் ஆசிரியர் அறையில் அந்தக் கடிதம் மடிப்பு கிழியும்வரை கைமாறியது. அதிபரோடு உடன்பாடில்லை என்று பிரசங்க மேடையிலிருந்து போதகர் பதறாமல் சொல்லிவிட்டு, அதே ஆராதனையில் அவருடைய நலனுக்காக ஜெபித்ததைக் கேட்டேன். இரண்டையும் ஒரே குரலில் செய்ய முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

1986 டிசம்பரில் மாவு விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. கிட்வேயில் கடைகள் உடைந்தன, துப்பாக்கி வெடித்தது, ஆட்கள் செத்தார்கள். விலையைத் திரும்ப இறக்கினார்கள். மூடிய கதவுக்குப் பின்னால் நான் இருந்த அந்த நாட்களில், பெண்கள் சங்கத்து அம்மா ஒருவர் பின்வாசல் வழியாக வந்து, எங்கள் வீட்டு மேஜையில் ஒரு டப்பா மாவை வைத்துவிட்டுப் போனார். அவர் வீட்டில் ஆறு பிள்ளைகள். நான் அவருக்குப் பதிலுக்கு என்ன கொடுத்தேன் என்று எத்தனை யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

பல கட்சித் தேர்தல் வேண்டும் என்று நாடு கொதித்த 1991 ஜூலையில், கவுண்டாவும் எதிரணித் தலைவர் சிலுபாவும் உட்கார்ந்து பேச ஒரு பொது இடம் தேவைப்பட்டது. தலைநகர் லுசாகாவின் ஹோலி கிராஸ் ஆங்கிலிக்கன் பேராலயம் கதவைத் திறந்தது. அக்டோபர் 31-ல் தேர்தல், கவுண்டா தோற்றார், ரத்தம் சிந்தாமல் நாற்காலி மாறியது. அந்த டிசம்பர் 29-ல், நான் ஊர் திரும்பப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது, புது அதிபர் சிலுபா சாம்பியாவைக் கிறிஸ்தவ நாடு என்று அறிவித்தார். தெருவில் ஆட்டமும் பாட்டமும். எலக்ட்ரீஷியன் மட்டும் என் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து தேநீர் குடித்தபடி, ‘ஆள் ஞானஸ்நானம் எடுத்தால் தண்ணீரில் இறங்குகிறான் டீச்சா, நாடு எடுத்தால் யார் இறங்குவது?’ என்று கேட்டார். பதில் சொல்லாமலே நான் விமானம் ஏறிவிட்டேன்.

திரும்பப் போனது 2019 அக்டோபரில். ஜகரண்டா மரங்கள் மட்டும் விட்ட இடத்தில் அதே ஊதா நிறத்தில் பூத்திருந்தன. என்னிடம் படித்து, நர்ஸாகி, ஓய்வும் பெற்றுவிட்ட பெண் ஒருத்தி வீட்டில் தங்கினேன். கரீபா நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றியதால் நாளில் பல மணி நேரம் மின்வெட்டு. கிறிஸ்தவ நாடு என்ற வார்த்தை 1996-ல் அரசியல் சட்டத்தின் முகவுரையில் ஏறியிருந்தது. 2016-ல் மத விவகாரங்களுக்கு அமைச்சகமே வந்திருந்தது. அக்டோபர் 18 தேசிய ஜெப நாள், அரசு விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை என் பழைய பள்ளிக்கூடத்துக்கு நடந்தோம். வகுப்பறைக்கு ஒரு சபை. நான் அல்ஜீப்ரா நடத்திய அறையில் டிரம்ஸ், ஆளுயர ஸ்பீக்கர், வாசலில் தீர்க்கதரிசியின் படம் போட்ட பேனர்.

அவர்களை இளப்பமாகப் பேச எனக்கு மனம் வராது. தொண்ணூறுகளில் சுரங்கங்களைத் தனியாருக்கு விற்றபோது வேலை போனவர்கள், குவார்ட்டர்ஸ் வாழ்க்கை குலைந்தவர்கள், அந்த அறைகளில்தான் தங்கள் பெயரைச் சொல்லி அழைக்கிற ஒரு குரலைக் கேட்டார்கள். ஆனால் பஸ் நிலையத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு தாய், மகள் எச்ஐவி மாத்திரையை நிறுத்திவிட்டு ஜெப எண்ணெய் வாங்கித் தடவிக்கொண்டதையும், பிறகு நடந்ததையும் சொன்னபோது, எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஏனென்றால் இதே நோய்க்காலத்தில் இதே நாட்டுச் சபை வேறு மாதிரி நடந்ததும் எனக்குத் தெரியும். தெற்கே சிக்கன்கட்டாவில் இரட்சணிய சேனை மருத்துவமனை 1987-லேயே நோயாளிகளின் வீடு தேடிப் போய்ப் பார்க்கத் தொடங்கியது. எங்கள் சுரங்க ஊர்களிலும் பெண்கள் சோப்பும் பீன்ஸும் பையில் போட்டுக்கொண்டு, அடுத்தவர் உள்ளே நுழையப் பயந்த வீடுகளுக்கு நடந்தார்கள். என் மாணவி அப்படி எத்தனையோ வருஷம் நடந்தவள். அவளோடு படித்தவர்களைப் பெயர் சொல்லி விசாரித்துக்கொண்டே வந்தவன், நாலாவது பெயரோடு நிறுத்திக்கொண்டேன்.

பாட்டுப் பயிற்சி இப்போதும் சனிக்கிழமைதான். ஆனால் கரும்பலகை இல்லை. ஆல்ட்டோ, டெனர், பேஸ் எல்லாம் தனித்தனிக் குரல் பதிவாக வாட்ஸ்ஆப்பில் வந்துவிடுகின்றன. பிள்ளைகள் பஸ்ஸிலேயே காதில் மாட்டிக் கேட்டுப் படித்துவிட்டு வந்து நிற்கிறார்கள். நன்றாகப் பாடுகிறார்கள், எங்களைவிட நன்றாக. ஒரு பெண்ணிடம் சோல்ஃபா எழுதிக் காட்டினேன். ஏதோ கணக்குச் சூத்திரம் என்று நினைத்துவிட்டாள். எனக்கு ஏக்கமெல்லாம் அந்தத் தப்புகள்மேல். டெனர்காரர்கள் ஒரே இடத்தில் ஐந்து முறை சறுக்குவார்கள், எலக்ட்ரீஷியன் ஐந்து முறையும் சாக்பீஸால் அந்த எழுத்தைத் தட்டுவார், மற்ற மூன்று வரிக்காரர்களும் காத்திருப்போம், ஒருவழியாக நான்கு வரியும் கூடுகிற நொடியில் அறையில் யாருக்கும் மூச்சு வராது. அடுத்தவர் வரிக்காகக் காத்திருந்து காத்திருந்தே நான் பெம்பா கற்றேன். அங்கே சினேகிதமும் அப்படித்தான் பிடித்தேன். வீட்டிலேயே தப்பைத் திருத்திக்கொண்டு வருகிறவர்களுக்கு அந்தக் காத்திருப்பு கிடைக்க வழியில்லை.

சபை அறிவிப்புப் பலகையில் ஒரு தாளைப் பார்த்தேன். லுசாகாவில் உள்ள இயேசு சபையினரின் ஆய்வு மையம் மாதாமாதம் போடுகிற கணக்கு. ஒரு குடும்பம் பட்டினியில்லாமல் இருக்க மாவு, பீன்ஸ், கப்பென்டா கருவாடு, எண்ணெய், அடுப்புக்கரி, சோப்பு என்ன விலை என்று வரிவரியாக இருந்தது. என் மாணவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை விரல் வைத்து வாசித்தாள். 2001-ல் சிலுபா மூன்றாம் முறையும் அதிபராக முயன்றபோது நடந்ததை வழியில் சொன்னாள். மூன்று சபைக் கூட்டமைப்புகளும் வக்கீல்களும் பெண்கள் அமைப்புகளும் ஒயாசிஸ் மன்றம் என்று கூடினார்கள். பச்சை ரிப்பன் குத்திக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கார்கள் ஹாரன் அடித்தன. கார் இல்லாத அவள் வாசலில் நின்று பானையைத் தட்டினாளாம். நாட்டைக் கிறிஸ்தவ நாடு என்று அறிவித்தவரிடம், காலம் முடிந்தது, இறங்குங்கள் என்று சபைகள் சொன்னதும் அவர் ஒதுங்கிக்கொண்டதும் எனக்குப் பெரிய ஆறுதல். எலக்ட்ரீஷியன் கேட்ட கேள்விக்கு யாரோ தண்ணீரில் இறங்கிப் பதில் சொல்லியிருக்கிறார்கள். கேட்க அவர் இல்லை, 1998-ல் போய்விட்டார்.

கிளம்புவதற்கு முந்தின ராத்திரி அவள் தெருவில் ஒரு சாவு. கரண்ட் இல்லை. நாற்காலி, சோபா எல்லாம் வெளியே கிடந்தன. பெண்கள் உள்ளே தரையில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள், வெளியே ஆண்கள் கட்டைகள்மேல் நெருப்பைச் சுற்றி. ஒரு சபைக் குழு பாடி ஓய்ந்தால் அடுத்த சபைக் குழு எடுத்துக்கொள்ளும், விடியும்வரை. வகுப்பறைச் சபைக்காரர்களும் வந்திருந்தார்கள், டிரம்ஸ் இல்லாமல். பந்தலோரம் ஒரு பையன் செல்போன் வெளிச்சத்தில், கோடு போட்ட நோட்டில், வந்தவர்கள் கொடுத்த உதவித்தொகையை எழுதிக்கொண்டிருந்தான். பெயர், தொகை, சபை என்று மூன்று பத்தி. பெயரும் தொகையும் சொன்னேன்.

‘எந்தச் சபை, பா ஷிகுலு?’ என்றான். தாத்தா என்று அர்த்தம்.

‘லண்டன் மிஷன்’ என்று வாயில் வந்துவிட்டது. பையன் பேனாவை நிறுத்தி முழித்தான். நெருப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர், முகத்தைத் திருப்பாமலே, கட்டையில் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.