தாராளமா உசத்து, மாப்ள!

கேள்விப்பட்டேன் மாப்ள. எவனோ ஒருத்தன் தலைமுழுகுன எம்.எம். 540 ஜீப்ப வாங்கி, வாசல்ல நிப்பாட்டி, மாலை போட்டு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கியாச்சாம். சந்தோசம். பெஜோ டீசல் எஞ்சின், 2112 சி.சி., 62 குதிரை. அதுல எத்தன குதிரை இன்னும் உசுரோட இருக்குன்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும், அத விடு. ஒரு மேட்டுல கூட ஏத்திப் பாக்கல, அதுக்குள்ள பட்டியல் போட்டாச்சாமே? அஞ்சு இஞ்ச் உசத்தணும், 31 இஞ்ச் டயரு மாட்டணும், ஆக்ஸில மாத்தணும், சேஸ வெட்டி ஒட்டணும். எங்க அக்கா போன்ல அழுகுது. மச்சான் வாயே திறக்கலையாம். நான் குறுக்க நிக்க மாட்டேன். தாராளமாச் செய்யி. சூரியநெல்லியில இருந்து கொழுக்குமலைக்கு விடியக்காலையில ஆள் ஏத்திக்கிட்டுப் போறாய்ங்களே, அந்த ஜீப்புக்காரய்ங்க முக்காவாசிப் பேரு கம்பெனிக்காரன் கொடுத்த ஸ்ப்ரிங் பட்டையிலயேதான் கல்லுல ஏறிக் கல்லுல இறங்குறாய்ங்க. அவய்ங்களுக்கு விவரம் பத்தாது. வீடியோ பாக்க நேரமில்ல, பாவம்.

முதல்ல உசரத்துக்கு வருவோம். நம்ம ஜீப்புல பட்டை ஆக்ஸிலுக்கு அடியில கிடக்கு. அத ஆக்ஸிலுக்கு மேல வச்சா, ஆக்ஸில் குழாயோட கனமும் பட்டைக் கட்டோட கனமும் சேந்து அஞ்சு இஞ்ச் போல வண்டி உசந்துரும். செலவும் கம்மி. பட்டை உக்கார ரெண்டு பக்கமும் இரும்புத் திண்டு வெல்ட் பண்ணு, யூ போல்ட்ட முறுக்கு, பூசணிக்காய உடை. ஒரே ஒரு சின்ன விசயம். காட்டுப் பாதையில கல்லுல இடிக்கிறது உன் பாடி இல்ல, கிரவுன் உக்காந்திருக்கிற உருண்டை. அது ஆக்ஸிலோட பொறந்தது. பாடிய எம்புட்டு தூக்குனாலும் அந்த உருண்டை பழைய உசரத்துலயேதான் கிடக்கும். அத உசத்துறது டயரு ஒண்ணுதான். டயரோட மொத்த உசரம் மூணு இஞ்ச் கூடுனா உருண்டை ஒண்ணரை இஞ்ச் உசரும், அம்புட்டுத்தான். பட்டையும் யூ போல்ட் தகடும் கல்லுல உரசாம மேல போயிரும், அது மெய்யான லாபம், இல்லைன்னு சொல்ல மாட்டேன். மிச்சமெல்லாம் உன் சீட்டுக்குக் கிடைச்ச பதவி உயர்வு. எதிர்வீட்டு மொட்டைமாடியில காயுற வத்தல எண்ணிக்கிட்டே ஓட்டலாம்.

உசத்துன மறுநாள் வண்டி பேச ஆரம்பிக்கும். டிரான்ஸ்பர் பெட்டியில இருந்து ஆக்ஸிலுக்குப் போற ஷாஃப்ட் முந்தி கொஞ்சமாச் சாஞ்சு கிடந்துச்சு. இப்ப ரொம்பச் சாஞ்சு தொங்கும், கிராஸ் ஜாயிண்ட் முனகும். ஷாஃப்ட்டு நடுவுல நீண்டு சுருங்குற பல்லு இருக்கு பாரு, அது பாதி வெளிய வந்துரும். சக்கரம் பள்ளத்துல இறங்குற நேரம் மிச்சமும் வெளிய வந்து ரோட்டுல படுக்கும். ஸ்டியரிங்குல இருந்து சக்கரத்துக்குப் போற டிராக் லிங்க் சாஞ்சு நிக்கும். ஒவ்வொரு குழிக்கும் நீ திருப்பாமலே வண்டி தானாத் திரும்பும், இந்தக் காலத்துல தானா ஓடுற காருக்கு என்னா விலை விக்கிறாய்ங்க, உனக்கு ஓசி. பிரேக் ஓஸ் பத்தாம இழுத்துக்கிட்டு நிக்கும். ஷாக் அப்சார்பரும் பத்தாது. பட்டை கீழ இறங்குறதுக்குள்ள அது முழுசா நீண்டு, அதுக்கப்புறம் வண்டிய நிறுத்துறது அதோட கொக்கிதான், அதனால கொக்கி பிடுங்கிக்கும். இன்னொண்ணு, பட்டை ஆக்ஸிலுக்கு மேல போனா ஆக்ஸிலுக்கு முறுக்குற பலம் கூடிரும். மேட்டுல ஆக்ஸிலேட்டர அமுக்குனா பட்டை வளைஞ்சு நெளிஞ்சு, ஷாஃப்ட் வந்து சேர்ற கிரவுன் மூக்கு மேல தூக்கும். அத அடக்க ஒரு டார்க் ராடு போடணும். அஞ்சு இஞ்ச் வீடியோவுல இந்தப் பகுதிய மட்டும் பயபுள்ளைக ஏன் காட்டுறதில்லைன்னு யோசிச்சுப் பாரு.

செய்யத்தான் போறேன்னா, திண்ட முழுசா வெல்ட் பண்ணிறாத. சும்மா பொட்டு வச்சு ஒட்டிட்டு, சக்கரத்த மாட்டி, வண்டிய இறக்கி, அதோட பாரம் பட்டையில உக்காரட்டும். அப்ப கிரவுன் மூக்கு எந்தப் பக்கம் பாக்குதுன்னு அளந்து, திருத்தி, அப்புறம் வெல்ட் பண்ணு. வெறும் ஆக்ஸில ஸ்டாண்டுல வச்சுக்கிட்டு வெல்ட் பண்ற பட்டறைக்காரனப் பாத்தா கும்பிடு போட்டுட்டு வந்துரு.

இதெல்லாம் வேணாம் மாமா, நெட்டை சாக்கிள் போட்டுக்கிறேன்னு சொல்லுவ. அது இன்னும் அருமை. முன்பட்டையச் சேஸோட கோக்குற சாக்கிள் முன்னாடி நுனியில இருக்கு. அத நீட்டுனா பட்டையோட முன்பக்கம் கீழ இறங்கி ஆக்ஸில் முன்னாடி கவுந்துரும். கிங் பின் மேல்பக்கம் பின்னால கொஞ்சம் சாஞ்சிருக்கணும். நம்ம ஜீப்புக்கு மூலமான வில்லிஸ்காரன் கணக்குக்கு மூணு டிகிரி. அந்தச் சாய்வு இருந்தாத்தான் வண்டி கைய விட்டாலும் நேராப் போகும். அதக் கரைச்சுட்டா அம்பதுல போறப்ப முன் சக்கரம் ரெண்டும் சாமியாடும். பூசாரி நீதான்.

இப்ப டயரு. பழைய ஜீப்புக்குப் பழகுன 6.00-16 டயரு ஏறத்தாழ 28 இஞ்ச். நீ மாட்டப் போறது 31. உன் கிரவுன் 5.38-ன்னு வச்சுக்க. டயர மாத்துன நிமிசத்துலயே அது 4.86 போட்ட மாதிரி ஆயிரும். 62 குதிரை இழுக்க வேண்டிய மேட்டுக்கு ஒரு கியர் இறக்கணும், கிளட்ச் தேயும், எஞ்சின் மூச்சு வாங்கும். மீட்டரு 60-ன்னு காட்டுறப்ப நீ 66-ல போய்க்கிட்டிருப்ப. பிரேக் டிரம் மட்டும் பழைய சைஸ்தான். போடிமெட்டுல இருந்து 17 கொண்டை ஊசியும் இறங்கி வா, டிரம்முல இருந்து வர்ற வாசனையில முந்தல் செக்போஸ்ட்காரன் எந்திரிச்சு நிப்பான்.

ஆக்ஸில மாத்துற யோசனைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. பெரிய வண்டி ஆக்ஸில் பழைய இரும்புக் கடையில மலிவாக் கிடைக்கும், அத மாட்டிறலாம்னு சொன்னியாம். மாட்டு. வில்லிஸ் வழி வந்த டிரான்ஸ்பர் பெட்டியில ஷாஃப்ட் வெளிய வர்ற இடம் வண்டிக்கு நடுவுல இல்ல, ஒரு பக்கமா ஒதுங்கி இருக்கும். அதுக்கு ஏத்தாப்புலதான் ஆக்ஸில்லயும் உருண்டைய ஒதுக்கி வச்சிருப்பாய்ங்க. நீ கொண்டு வர்ற ஆக்ஸில்ல உருண்டை நடுவுல இருந்தா, ஷாஃப்ட் கீழயும் சாஞ்சு பக்கத்துலயும் சாஞ்சு ஓடணும். அதவிட முக்கியம், முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் ஒரே விகிதமா இருக்கணும். கிரவுனத் திறந்து பல்ல எண்ணு. பெரிய பல்லு 43, சின்னது 8-ன்னா 5.38. 39-ம் 8-ம்னா 4.88. முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு மாட்டிட்டு நாலு சக்கர கியரப் போட்டா, ஒண்ணு போடிக்குப் போவோம்ங்கும், ஒண்ணு கம்பத்துக்குப் போவோம்ங்கும், நடுவுல டிரான்ஸ்பர் பெட்டி செத்துப்போகும்.

பின் ஆக்ஸில்ல இன்னொரு சூட்சுமம் இருக்கு. ரெண்டாம் உலகப் போருக்கு ராணுவத்துக்காகச் செஞ்சாய்ங்களே வில்லிஸ் ஜீப்பு, ஃபோர்டும் வில்லிஸும் சேந்து ஆறு லட்சத்துக்கு மேல இறக்குனாய்ங்க, அதுல பின் ஆக்ஸில் ஃபுல் ஃப்ளோட்டிங். வண்டிப் பாரத்தக் குழாயும் ஹப் பேரிங்கும் சுமக்கும், உள்ள இருக்கிற ராடு சுத்துறதுக்கு மட்டும். ராடு முறிஞ்சாலும் சக்கரம் இடத்துல நிக்கும். செமி ஃப்ளோட்டிங்குல ராடே பாரத்தையும் சுமக்கும். அது முறிஞ்சா சக்கரம் உனக்கு முன்னாடி ஊருக்குப் போயிரும். உன் வண்டியில எது இருக்குன்னு ஹப்பப் பாத்துத் தெரிஞ்சுக்காம ஸ்பேசர் வச்சு, சக்கரத்த வெளிய தள்ளி, அகல டயரு மாட்டுறது ரொம்ப தைரியமான காரியம். பாராட்டுறேன்.

ரெண்டு சக்கரத்தையும் சேத்துப் பூட்டுற லாக்கர் வாங்கக் காசில்ல, டிஃபரன்ஷியல் பல்ல வெல்ட் பண்ணி ஒட்டிறலாம்னு உன் சேக்காளி ஒருத்தன் சொன்னானாம். அந்தச் சேக்காளிய நான் பாக்கணும். தார் ரோட்டு வளைவுல உள்சக்கரம் கம்மியாவும் வெளிச்சக்கரம் அதிகமாவும் சுத்தியாகணும். ரெண்டையும் ஒட்டிட்டா டயரு கத்தும், ராடு முறுக்கும், ஈர ரோட்டுல பின்பக்கம் தனியா ஒரு வழி போகும். சேக்காளிய முன்னாடி சீட்டுல உக்கார வச்சு ஓட்டு.

இனிமே சேஸு. இதுல மட்டும் கிண்டல் கொஞ்சம் கம்மி, ஏன்னா எல்லாப் பாரமும் கடைசியில வந்து விழுறது அங்கதான். பட்டைக் கொக்கி பிடிச்சிருக்கிற இடம், ஸ்டியரிங் பெட்டி போல்ட் போட்ட இடம், குறுக்குச் சட்டம் வந்து சேர்ற முனை, இந்த மூணுலயும் பழைய ஜீப்பு சேஸு விரிசல் விடும். பெயிண்ட் அடிச்சு வித்தவன் அத உனக்குக் காட்டியிருக்க மாட்டான். பெயிண்டச் சுரண்டி, மண்ணெண்ணெயத் தடவி, கொஞ்ச நேரம் ஊற விட்டு, நல்லாத் துடைச்சுட்டு, சாக்பீசுத் தூளத் தூவு. விரிசல் இருந்தா உள்ள போன எண்ணெய் கசிஞ்சு தூளுல கோடு போட்டுக் காட்டும்.

விரிசலக் கண்டதும் வெல்டரக் கூப்பிட்டு மேலோட கோடு இழுக்காத. விரிசல் முடியுற நுனியில சின்னதா ஓட்டை போடு, அதுக்கு மேல அது ஓடாது. விரிசல் நெடுக கிரைண்டரால பள்ளம் எடுத்து, அடி வரைக்கும் வெல்ட் இறங்கணும். அப்புறம் மேல ஒரு தகடு. அந்தத் தகடோட முனை சேஸுக்குக் குறுக்க நேரா நிக்கக் கூடாது, சாய்வா வெட்டியிருக்கணும். நேரா வெட்டுன தகடு முடியுற இடத்துல எல்லாப் பலமும் ஒரே கோட்டுல வந்து நிக்கும், அடுத்த விரிசல் அங்கயே வரும். சேஸோட மேல் விளிம்புலயும் கீழ் விளிம்புலயும் ஓட்டை போடாத, குறுக்க வெல்ட் வைக்காத. வளையுறப்ப பாரம் அங்கதான் அதிகம். ஓட்டை வேணும்னா நடுப்பக்கச் சுவர்ல போடு. வெல்ட் பண்றதுக்கு முந்தி பேட்டரி வயரக் கழட்டு. எர்த்து கிளிப்ப வேலை நடக்கிற இடத்துக்குப் பக்கத்துலயே மாட்டு. தூரத்துல மாட்டுனா கரண்டு ஹப் பேரிங் வழியாப் போய் அதப் புள்ளி புள்ளியாக் கடிச்சு வச்சிரும்.

சேஸு கோணியிருக்கான்னு பாக்க லட்ச ரூவா மிசின் வேணாம். கொத்தனார்கிட்ட தூக்குக்குண்டு கடன் வாங்கு. வண்டிய மட்டமான சிமெண்டுத் தரையில நிப்பாட்டி, நாலு பட்டைக் கொக்கியில இருந்தும் குண்ட இறக்கி, தரையில சாக்பீசுப் புள்ளி வையி. வண்டியத் தள்ளிட்டு மூலைக்கு மூலை நூல் பிடி. ரெண்டு நூலும் ஒரே அளவா இருக்கணும். இல்லைன்னா நீ உசத்தப் போறது கோணல் வண்டிய. கோணலும் சேந்து உசரும்.

சர்க்காரு பக்கமும் ஒரு எட்டு பாத்துக்க. 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல 52-ஆம் பிரிவு, ஆர்.சி. புக்கு விவரம் கம்பெனிக்காரன் முதல்ல குறிச்சதுக்கு மாறிப்போற மாதிரி வண்டிய மாத்தக் கூடாதுங்குது. 2019 சனவரியில சுப்ரீம் கோர்ட்டும் கம்பெனி கொடுத்த அமைப்ப மாத்தாதன்னு தீர்ப்புச் சொல்லிருச்சு. அதே வருசம் சட்டத்தத் திருத்தி, ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5000 ரூவா அபராதம், இல்லைன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலு, இல்லைன்னா ரெண்டும்னு 182ஏ பிரிவுல எழுதி வச்சிருக்காய்ங்க. உன் பட்டியல்ல நாலு இருக்கு. பெருக்கத் தெரியும்ல? பதினஞ்சு வருசம் தாண்டுன வண்டிக்குப் பதிவப் புதுப்பிக்க இன்ஸ்பெக்டர் முன்னாடி நிக்கணும். அவரு குனிஞ்சு பாக்க மாட்டாருன்னு நினைக்காத. அஞ்சு இஞ்ச் உசத்திட்டா குனியவே வேணாம், நின்னபடியே எல்லாம் தெரியும்.

பழைய ஜீப்பு காட்டுல ஏறாம நிக்குதுன்னா பாதிக்கு மேல காரணம் உசரம் இல்ல மாப்ள. பட்டைத் தகட்டுக்கு நடுவுல துரு பிடிச்சு எல்லாம் ஒண்ணா ஒட்டிக்கிட்டு அசையாமக் கிடக்கும். அதக் கழட்டி, துருவச் சுரண்டி, கிராஃபைட் கிரீஸ் தடவி மாட்டுனாலே சக்கரம் பள்ளத்துல இறங்கித் தரையப் பிடிக்கும். உசரத்துக்காக மேல ஒரு பட்டை சொருகுனா இறுகிப்போய் ஒரு சக்கரம் அந்தரத்துல சுத்தும். டிரான்ஸ்பர் பெட்டியில லோ கியர் ஒண்ணு இருக்கு, இன்னும் ரெண்டரை மடங்கு இழுவை தரும். அந்தக் குட்டி லீவரு துரு பிடிச்சு அசையலைன்னு கேள்வி. 31 இஞ்ச் டயரு அதுக்கு மருந்தில்ல.

ஞாயித்துக்கிழமை வண்டியக் கொண்டு வா. நல்லாத் தண்ணி பீச்சி அடியக் கழுவிட்டு வா, சேறு ஒட்டுன சேஸ்ல விரிசல் தெரியாது. பட்டை புஷ், சாக்கிள் பின்னு, கிங் பின் பேரிங், நாலு சக்கரத்துக்கும் பிரேக் சிலிண்டர் வாசரு, கிரவுனுக்கு 90 நம்பர் ஆயிலு, இம்புட்டையும் வாங்கியாந்துரு. டயரு கடைக்காரனுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தா இன்னைக்கே போய்த் திருப்பி வாங்கிரு.