பாய் விரித்தால் போதுமா?

கேள்வி: ஓட்டமாவடியில் சிலர் சேர்ந்து யோகா தொடங்கினோம். முதல் வாரம் நல்ல கூட்டம். இப்போது ஆள் குறைகிறது. என்ன செய்யலாம்?

பதில்: உடம்பை வளைக்க ஆசிரியர் போதும், ஆளை மறுநாளும் வரவைக்க நட்பு வேண்டும், கூடவே சூடான பிளேன்டீ! வேதாத்திரி மகரிஷி 1958இல் தொடங்கிய உலக சமுதாய சேவா சங்கத்தைப் பாருங்கள். அங்கே கற்பிப்பது முதியவர்களுக்கும் இயலும் எளிய யோகப் பயிற்சிகள். கற்றவர்களே பின்பு ஆசிரியராகிறார்கள். ஒருவரையொருவர் 'வாழ்க வளமுடன்' என்று வாழ்த்துகிறார்கள். கூட்டம் நிலைத்ததற்கு அந்த வாழ்த்தும் காரணம் என்பேன். உங்கள் ஊரில் சுபஹ் தொழுகை முடிந்த நேரமே பொருத்தம்: வாவிக் காற்றும் உண்டு, ஆட்களும் விழித்திருப்பார்கள். பெண்களுக்கு மாலையில் தனி வகுப்பு வையுங்கள். இரண்டு நாள் வராதவர் வீட்டுக்குப் போய்ச் சுகம் விசாரியுங்கள்; அதை இன்றைக்கே தொடங்கலாம்.